அடியைத் திருப்பிப் பார்ப்பவர்

எங்கள் பாத்திரக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் ஸ்டிக்கரைத் தேடுவார்கள். அந்த அக்கா மட்டும் எதையும் கேட்க மாட்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்ததும், கண்ணில் பட்ட புதுப் பாத்திரத்தைக் கையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்புவார்.

"மேலாப் பார்த்தா எல்லாமே கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும். அடியைக் காட்டு" என்பார்.

அவருடைய வீட்டுக்காரர் மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்தார். அதனால் பஜாரில் அவருக்கு உப்பளத்து அக்கா என்று பெயர். அவருடைய ஸ்கூட்டர் கடை வாசலில் வந்து நின்றால், என் வீட்டுக்காரர் ஏதோ ஞாபகம் வந்தவர் போல குடோனுக்குப் போய்விடுவார். கல்லாவில் நான் மட்டும் இருப்பேன். கடையில் இருக்கிற மற்ற பெண்கள் கையில் எடுத்ததை அப்படியே வைத்துவிட்டு, அக்கா என்ன சொல்லப் போகிறார் என்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர் நல்லது என்று சொன்ன பாத்திரம் அன்றைக்கே விற்றுப் போகும். உதட்டைப் பிதுக்கினால், அதைப் பின் ஷெல்ஃபுக்கு மாற்றிவிடுவது நல்லது.

அவர் சோதிக்கிற விதம் ஒரு சடங்கு போல இருக்கும். பாத்திரத்தைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, விளிம்பில் ஒரு விரலால் அழுத்துவார். கொஞ்சம் ஆடினாலும் ஒதுக்கிவிடுவார். மூடியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். விளிம்பைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், மூன்று லேயர் என்று அட்டையில் போட்டிருப்பது உண்மையிலேயே மூன்று கோடாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு தண்ணீர் கேட்பார். பாத்திரம் நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒற்றைக் கையால் தூக்குவார்.

"காலியா தூக்கிப் பார்த்து வாங்கினா, சாம்பார் கொதிக்கறப்ப யார் தூக்குவாங்க? உன் வீட்டுக்காரரா?"

தண்ணீர் சிந்தி மேசை நனையும். நான் துணியோடு நிற்பேன்.

மலிவான சாமான்கள் பக்கம் அவர் திரும்புவதே இல்லை. விலை அதிகமானதைத்தான் விடாமல் துருவுவார். ஒரு நாள் காரணம் கேட்டேன்.

"கம்மி விலைல வாங்கினது கெட்டுப்போனா, போனா போகுதுன்னு விட்டுடலாம்மா. ஆசைப்பட்டு, நிறைய குடுத்து வாங்கினது கெட்டுப்போனா மனசும் சேர்ந்து கெட்டுப்போவுது. அடுப்புகிட்ட போறப்பல்லாம் அது ஞாபகம் வரும்" என்றார்.

எங்கள் ஊரில் பாத்திரம் பிழைத்துக் கிடப்பது கஷ்டம். காற்றே உப்பு. போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அரிவாள்மனையைத் துடைக்காமல் வைத்தால் மறுநாள் சிவந்திருக்கும். ஸ்டீல் பாத்திரத்தில்கூடப் புள்ளி விழும். ஒரு முறை, புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் கனமான ஸ்டீல் சட்டி ஒன்றைக் கோபத்தோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே அடிப்பக்கம் ஊசியால் குத்தியது போலப் புள்ளிப் புள்ளியாக இருந்தது. எங்கள் கடையில் வாங்கியதுதான். அப்போது கடையில் இருந்த உப்பளத்து அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல என்னம்மா வேக வைக்கிற?"

"முட்டைதாங்க்கா. ஓடு உடையாம இருக்கணும்னு கொஞ்சம் உப்பு போடுவேன்."

"பச்சைத் தண்ணியிலேயே போட்டுடறியா?"

"ஆமா."

"கல்லுப்பு கரையாம அடியில போய் உட்கார்ந்துக்கும். உட்கார்ந்த இடத்துல கடிச்சிரும். தண்ணி கொதி வந்தப்புறம் போட்டுக் கலக்கி விடு. பாத்திரம் மேல தப்பு இல்ல, உன் மேலயும் இல்ல. உனக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான். இந்தப் புள்ளியால ஒண்ணும் ஆவாது, எடுத்துட்டுப் போய்ப் புழங்கு."

அந்தப் பெண் சமாதானமாகிப் போனாள். கடையைக் காப்பாற்றியதற்கு நான் நன்றி சொன்னேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"உன் கடைக்காக நான் சொல்லல. தப்பு உன் பாத்திரத்துல இருந்திருந்தா அதையும் இதே மாதிரிதான் சொல்லியிருப்பேன்."

அது உண்மைதான் என்று தெரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை. பெருமுக்கல்லிலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் சீர் பாத்திரம் எடுக்க வந்தது. அப்பா, அம்மா, கல்யாணப் பெண். எங்களிடம் இருந்ததிலேயே பெரிய செட்டைக் காட்டச் சொன்னார்கள். குடத்திலிருந்து கரண்டிவரை பளபளவென்று வரிசையாக அடுக்கினால் மண்டபத்தில் ஒரு மேடை நிறையும். பேரம் முடிகிற நேரத்தில் அக்கா உள்ளே வந்தார். வழக்கம்போல ஒரு அண்டாவைத் திருப்பினார்.

"தகடு மெல்லிசா இருக்குது. எண்ணிக்கைக்காக வாங்கறீங்களா, சமைக்க வாங்கறீங்களா? இந்தக் காசுக்குக் கெட்டியா நாலு சாமான் வாங்கினா பொண்ணு காலத்துக்கும் புழங்கும்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாதான் பதில் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

"நாலு சாமானோட எம்பொண்ணு போய் இறங்கினா, அந்த வீட்ல அவளை எப்படிப் பார்ப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதாங்க்கா? மூத்த மருமவ ரெண்டு வண்டி நிறைய கொண்டு வந்திருக்கா. எங்களுக்கு இது பாத்திரம் இல்ல. எம்பொண்ணு அங்க தலை நிமிர்ந்து நிக்கணும்."

அக்கா அண்டாவை மெதுவாக இருந்த இடத்தில் வைத்தார். அந்தப் பெண்ணின் பக்கம் பார்த்தார். அவள் தலை குனிந்து துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்றதும் சரிதாம்மா. நான் அடுப்பை மட்டும் நினைச்சிட்டேன்" என்றார். பிறகு என்னிடம், "அந்த செட்டையே குடு. குக்கர் மட்டும் இதுல இருக்கிறது வேணாம். நான் எடுத்துத் தர்றேன்" என்றார்.

ஷெல்ஃபில் இருந்த குக்கர்களையெல்லாம் இறக்கச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மூடியை எப்படிப் பூட்டுவது, ரப்பரை எப்போது மாற்றுவது என்று அந்தப் பெண்ணுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். போகும்போது அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்து, கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா போனாரா என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகுதான் அந்த டெமோ வந்தது. பஜாருக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, டை கட்டிய ஒரு தம்பி விலையுயர்ந்த சமையல் செட் ஒன்றை அடுக்கி வைத்தான். பல லேயர் ஸ்டீல், எண்ணெய் இல்லாமல் சமைக்கலாம், ஆயுளுக்கும் கேரண்டி, மாதத் தவணை. ஊர் மகளிர் குழுப் பெண்கள் எல்லாரும் போனார்கள். எண்ணெய் ஊற்றாமல் கோழி வறுத்தான். அடுப்பிலேயே கேக் செய்து காட்டினான். பெண்கள் சாப்பிட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"தம்பி, இதுல ஒரு சட்டியைக் குடு. ஒரு வாரம் வீட்ல வச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் அக்கா.

அவன் தயங்கினான். ஆனால் அத்தனை பேரும் காத்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கொடுத்தான்.

நானும் போயிருந்தேன். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அக்கா அதைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறார், இந்தத் தவணைக்காரர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள், எங்கள் கடை தப்பிக்கும் என்று நினைத்தேன். பஜாரில் நாங்கள் மட்டும்தான் நல்ல கனமான சாமான்களை வைத்திருந்தோம். ஊர்ப் பெண்கள் எல்லாரும் அந்தத் தவணையில் விழுந்துவிட்டால், அடுத்த சில வருஷத்துக்கு எங்கள் கடைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அதே மண்டபத்தில் அக்கா சட்டியை மேசைமேல் வைத்தார்.

"பாலைத் தீய விட்டேன். புளிக்குழம்பு வச்சு அதிலேயே விட்டு வச்சேன். எங்க வீட்டு போர் தண்ணியைக் காய விட்டேன். ஒரு புள்ளி இல்ல. தீய்ஞ்சது ஊற வச்சதும் விட்டுப் போச்சு. நல்ல பாத்திரம். எனக்குப் பிடிச்சிருக்குது."

டை கட்டிய தம்பி கைதட்டினான்.

"அப்போ வாங்கலாமாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது உங்க வீட்டு நிலவரம், அதை நான் எப்படிச் சொல்றது? பாத்திரம் எப்படின்னு கேட்டீங்க, சொல்லிட்டேன். ஏம்பா, இதுல ஒரு கடாய் மட்டும் வேணும்னா தருவியா?"

"இல்லீங்க, செட்டாத்தான் வரும்."

"ரெண்டு பேர் இருக்கிற வீட்ல முக்காவாசி பரண்ல தூங்கும். அதையும் யோசிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சிலர் தவணைக்கு எழுதிக் கொடுத்தார்கள். சிலர் யோசிக்கிறோம் என்றார்கள். வெளியே வந்ததும் நான் அவருடைய ஸ்கூட்டரை மறித்து நின்றேன்.

"நீங்க எங்க பக்கமா, அவங்க பக்கமாக்கா? இத்தனை வருஷமா எங்க கடைல உட்கார்ந்து டீ குடிச்சிருக்கீங்க."

"நல்லா இருக்கிறதை நல்லா இல்லன்னு சொல்லச் சொல்றியா?"

"ஒண்ணுமே சொல்லாம இருந்திருக்கலாம்."

"இன்னைக்கு உனக்காக வாயை மூடிட்டேன்னு வச்சுக்கோ. நாளைக்கு உன் கடைல ஒண்ணை நல்லதுன்னு சொன்னா எவ நம்புவா?"

நான் ஸ்கூட்டருக்கு வழிவிட்டு நடந்துவிட்டேன். அன்று வீட்டில் சமைக்கக்கூடப் பிடிக்கவில்லை. மறுநாள் கடை திறந்ததும் முதல் ஆளாக அக்கா வந்து நின்றார். சண்டை நடந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

"அவன் செட்டாத்தான் தருவேன்னான் இல்ல? நீ ஒத்தையா வில்லு. அதே மாதிரி கெட்டியான கடாய், சட்டி வேற கம்பெனியிலயும் வருது. வா, பாண்டிக்குப் போய்ப் பார்க்கலாம்."

பாண்டிச்சேரி ஹோல்சேல் கடைக்கு என் வீட்டுக்காரரும் நானும் அக்காவும் போனோம். அங்கே எடுத்து வைத்ததையெல்லாம் திருப்பிப் போட்டார். இது ஆடுது, இதோட மூடி லூசு, இதுல லேயரே இல்ல, வெறும் ஸ்டிக்கர் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினார். கடைக்காரர் பொறுமையிழந்து ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியாக, ட்ரைப்ளை என்கிற மூன்று லேயர் கடாய் ஒன்று அவர் கையில் நின்றது. தண்ணீர் ஊற்றித் தூக்கினார். அடியைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார், கைப்பிடியைப் பிடித்து முறுக்கினார். அசையவில்லை.

"இது இருக்கும்" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

பெட்டி பெட்டியாக எடுத்து வந்தோம். "அக்கா பார்த்த கடாய்" என்று பேர் சொல்லியே பெண்கள் வந்து வாங்கினார்கள். செட்டுக்கு எழுதிக் கொடுக்காதவர்கள் எல்லாரும் வந்தார்கள். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரைப் பார்த்ததும் குடோனுக்குப் போவதை நிறுத்தினார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

ஒரு காலை நேரம். கடையில் நல்ல கூட்டம். அக்காவும் இருந்தார். கூனிமேட்டிலிருந்து ஒருவர் வந்தார். மீன் வியாபாரம் செய்கிறவர், எனக்குப் பழக்கமான முகம். ஒரு கையில் எங்கள் கடாய், இன்னொரு கையில் அதன் கைப்பிடி. இரண்டையும் மேசைமேல் தனித்தனியாக வைத்தார். கத்தவில்லை.

"எங்க வீட்டுக்காரி பர்வீன் சமோசா போடுவா இல்லீங்களா, டீக்கடைக்கெல்லாம்? போட்டு முடிச்சிட்டு இறக்கறப்ப ஒரு பக்கம் கழண்டுடுச்சு. எண்ணெய் எல்லாம் கை மேல."

"ஐயோ, கை எப்படி இருக்குது?" என்று அக்கா எழுந்துவிட்டார்.

"முழங்கை வரைக்கும் கொப்புளம். பாண்டி ஆஸ்பத்திரில காட்டிக் கட்டுப் போட்டிருக்கு."

"நிறைய எண்ணெய் ஊத்தியிருப்பாங்களோ..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"நிறுத்துப்பா. எண்ணெய் ஊத்தாம கடாயில பூவா வைப்பாங்க?" என்றார் அக்கா. பிறகு அந்த மனிதரிடம், "யார் சொல்லி வாங்கினாங்க?" என்று கேட்டார்.

அவர் சங்கடத்தோடு, "உங்க பேரைச் சொல்லித்தாங்க வாங்கினா" என்றார்.

அக்கா கடாயைக் கையில் எடுத்தார். கைப்பிடியைப் பொருத்தியிருந்த ரிவிட் ஆணி உள்பக்கம் நன்றாகத்தான் தெரிந்தது. வெளிப்பக்கம் அது விரிந்து பிடிக்கவே இல்லை. நீளம் போதாமல் பெயருக்கு நின்றிருந்தது. அக்கா என்னிடம் எதுவும் சொல்லாமல் ஷெல்ஃபுக்குப் போய், மீதி இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சிலது நன்றாக இருந்தன. சிலதில் அதே குறை. பிரித்ததையெல்லாம் தரையில் பரப்பிவிட்டு நிமிர்ந்தார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணைப் பார்த்துட்டு அத்தனைக்கும் நான் வாய் குடுத்துட்டேன். தப்பு என்னோடது" என்றார். எப்போதும் பேசுகிற அதே குரல்தான். "யார் யார் வாங்கினாங்க? எனக்கு எல்லார் வீடும் தெரியணும்."

கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, நான் அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். முதலில் கூனிமேட்டுக்குத்தான் போனோம். பர்வீன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழ முயன்றாள். அக்கா அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீங்க சொன்னீங்கன்னுதாங்க்கா வாங்கினேன். இல்லன்னா பழைய இரும்புச் சட்டியே போதும்னு இருந்திருப்பேன்" என்றாள் பர்வீன். குறை சொல்கிற மாதிரி அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அக்கா அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் அந்தக் கடாயில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"இறக்கிட்டுத் தர்றேங்க்கா."

"நீ இறக்காத. அடுப்பை அணை. கரண்டியால வேற சட்டிக்கு மொண்டு ஊத்து" என்று சொல்லி, முடிகிறவரை பக்கத்திலேயே நின்றார்.

இன்னொரு வீட்டில், "என்னோடது நல்லாத்தானே இருக்குது?" என்று தர மறுத்தாள் ஒருத்தி.

"பர்வீனோடதும் போன வாரம் வரைக்கும் நல்லாத்தாம்மா இருந்துச்சு."

ஒரு வீட்டில் மட்டும் கொஞ்சம் காரமாகக் கேட்டார்கள். "ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, உங்களுக்கே தெரியலையா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா சாதாரணமாகச் சொன்னார். "தெரியலம்மா. அதான் வந்திருக்கேன். கடாயை எடுத்துட்டு வா."

அத்தனையும் திரும்பி வந்தன. மறுநாள் காலையிலேயே மூட்டையாகக் கட்டி வண்டியில் போட்டுக்கொண்டு பாண்டிக்குப் போனோம். ஹோல்சேல்காரர் ரிவிட்டைப் பார்த்தார், உதட்டைச் சுழித்தார்.

"கம்பெனிக்கு மெயில் போடறோங்க. அவங்க பதில் வரட்டும். அதுவரைக்கும் நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

"பதில் வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்" என்று அக்கா ஒரு ஸ்டூலை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடியில் பர்வீனின் கடாய், மேலே கழன்ற கைப்பிடி. உள்ளே வருகிறவர்களிடம் கேட்பார்: "கடாய் பார்க்க வந்தீங்களா? இந்தக் கம்பெனி கடாய்னா, கைப்பிடி ரிவிட்டை வெளிப்பக்கம் தடவிப் பார்த்துட்டு வாங்குங்க. எங்க ஊர்ல ஒரு பொண்ணுக்குக் கை வெந்துடுச்சு."

வேறு எதுவும் தவறாகச் சொல்லவில்லை. யாராவது குக்கர் கேட்டு வந்தால், "ரெண்டாவது வரிசையில இருக்கே, அது நல்ல குக்கர். தைரியமா வாங்குங்க" என்றார். இட்லிப் பானை கேட்டு வந்தவருக்கு எழுந்துபோய்த் தானே எடுத்துக் கொடுத்தார். ஹோல்சேல்காரருக்குக் கோபப்படுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. அன்று காலை அவருடைய குக்கர்கள் நன்றாகவே விற்றன. கடாய் ஒன்றுகூடப் போகவில்லை.

அவர் வெளியே வந்து, "என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

"இதை எல்லாம் திரும்ப எடுத்துக்குங்க. ஷெல்ஃபுல இருக்கிறதையும் இறக்குங்க. இங்க வாங்கறவங்களுக்கும் கை இருக்குது இல்ல?"

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கழன்ற கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கடைப் பையன்களைக் கூப்பிட்டு ஷெல்ஃபைக் காலி செய்யச் சொன்னார். பதிலுக்கு வேறு கம்பெனிக் கடாய்களை எடுத்துக்கொள்ளலாம் என்றார். அக்கா அவற்றில் எல்லாப் பெட்டிகளையும் பிரிக்கச் சொன்னார். ஒன்றுவிடாமல் ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் விரலை ஓட்டி, தண்ணீர் ஊற்றித் தூக்கி, முறுக்கிப் பார்த்தார். சாயங்காலம் ஆகிவிட்டது. அவர் தோள் வலியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டார். "நான் கொஞ்சம் பார்க்கறேங்க்கா" என்றேன். "வேணாம், நான் சொன்னாத்தான் அவங்க வாங்குவாங்க. அப்ப நான்தான் பார்க்கணும்" என்றார்.

மறுநாளே எல்லார் வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்தோம். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காரமாகக் கேட்ட வீட்டில் எங்களுக்கு மோர் கொடுத்தார்கள்.

பர்வீனிடம் போனபோதுதான் ஒரு சிக்கல். கடாய் வந்துவிட்டது, தூக்கக் கை இல்லை. டீக்கடைகளுக்கு சமோசா போகாமல் நின்றிருந்தது. இப்படியே விட்டால் டீக்கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நீ உட்கார்ந்து சொல்லு. நான் போடறேன்."

அந்தக் கை ஆறுகிறவரை தினமும் காலையில் அக்கா ஸ்கூட்டரில் கூனிமேட்டுக்குப் போனார். சில நாள் நானும் போயிருக்கிறேன். பாத்திரத்தின் அடியைப் பார்த்து அதன் ஆயுளைச் சொல்கிறவருக்கு சமோசா மடிக்க வரவே இல்லை. ஒன்று சப்பையாக இருக்கும், ஒன்று வாய் திறந்து உருளைக்கிழங்கைக் கக்கும்.

"அக்கா, இது சமோசாவா, செருப்பா?" என்று பர்வீன் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"தின்னா எல்லாம் ஒண்ணுதான். போடி" என்று அக்கா அடுத்ததை மடிப்பார். ஆனால் கடாயை இறக்குகிற நேரத்தில் மட்டும் பர்வீனைத் தள்ளி நிற்கச் சொல்வார்; தானே இரண்டு கையாலும் பிடித்து இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசுவார். டீக்கடைக்காரர்கள் கோணல் சமோசாக்களையும் வாங்கிக்கொண்டார்கள். காரணம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பர்வீன் மறுபடி தன் கையால் கடாயைத் தூக்கிய பிறகும் அக்கா மாதம் ஒரு தடவை போவதை விடவில்லை. எங்கள் கடையில் பாத்திரம் பார்ப்பதையும் விடவில்லை. அதே சத்தம், அதே தீர்ப்பு. ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. மாதிரிக்கு ஒன்றைக் காட்டினால் ஏற்கமாட்டார். பெட்டியில் இருக்கிற அத்தனையையும் பிரித்துக் கொட்டச் சொல்வார். என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே பிரிப்பார்.

போன வருஷம் உப்பளக் குத்தகை முடிந்ததும் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஓசூரில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டார்கள். கிளம்புவதற்கு முன்னால் அக்கா ஒரு தடவை கூனிமேட்டுக்குப் போய்விட்டு, அப்படியே எங்கள் கடைக்கு வந்தார்.

"பர்வீன் கைத் தழும்பு நல்லா மங்கிடுச்சு. வளையல் போட ஆரம்பிச்சிட்டா. முன்னாடி முழுக்கை ஜாக்கெட்தான் போட்டுட்டு இருந்தா, இப்ப அதையும் விட்டுட்டா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

பர்வீனின் கடாய் எப்படி இருக்கிறது என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.